முனியாண்டியின் பேரனுக்கு என்ன பெயர் வைப்பது?

மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தைச் சுற்றியுள்ள பழைய ரப்பர் தோட்டக் கோயில்களுக்குப் போனால், உபயக்காரர் பெயர்களைப் பொறித்த பளிங்குப் பலகை ஒன்று எங்காவது பதிந்திருக்கும். முனியாண்டி, மாரிமுத்து, காளியம்மாள், சடையன், அங்கம்மாள், கருப்பையா, குப்புசாமி என்று தமிழில் வரிசையாக எழுதியிருப்பார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்றைக்குப் படிக்கும் தாடிக்காவில், அதாவது பாலர் பள்ளியில், ஒட்டியிருக்கும் பெயர்ப்பட்டியல் வேறு மாதிரி இருக்கும். கவினேஷ், தர்ஷினி, லிஷாலினி, யுவனேஸ், ஹேமேஷ். எல்லாமே ரோமன் எழுத்தில். இரண்டு பட்டியலுக்கும் நடுவே மூன்று நான்கு தலைமுறைதான். பொதுவாக ஒரு பெயரைக்கூடக் காண்பது அரிது.

காலம் மாறிவிட்டது என்று சொல்லி இதைக் கடந்து போகிறவர்கள் உண்டு. பெயர் மாறுவதில் எனக்கும் வருத்தமில்லை. பழைய பெயர்களை ஏன் வைத்தார்கள் என்று தெரியாமலேயே, ‘தோட்டத்துப் பெயர்’ என்று கூச்சப்பட்டு ஒதுக்குவதுதான் வருத்தம்.

கங்காணிகள் தங்கள் ஊருக்கே போய் ஆள் சேர்த்துக் கூட்டி வந்தார்கள். அதனால் ஒரு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களே குடியிருந்தார்கள். ஊர்க்காவல் தெய்வங்களும் அவர்களோடு கப்பலேறின. காட்டை வெட்டி ரப்பர் நட்ட இடத்தில், அந்தத் தெய்வங்களுக்கு மரத்தடியில் ஒரு கல் நட்டுக் கும்பிட்டார்கள். பிள்ளை பிறந்தால் அந்தச் சாமியின் பெயரையே வைத்தார்கள். முனீஸ்வரரிடமிருந்து முனியாண்டி, முனியம்மாள், முனுசாமி. காளியிடமிருந்து காளிமுத்து, காளியம்மாள். தைப்பூசத்துக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை பழனியாகவோ வேலுவாகவோ ஆறுமுகமாகவோ ஆனது.

மாரிமுத்து என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். அம்மை போட்டால் மாரியம்மன் வந்திருக்கிறாள் என்பார்கள். உடம்பில் எழும் கொப்புளத்துக்கு முத்து என்றே பெயர். மாரிமுத்து, முத்துமாரி, முத்தம்மாள் எல்லாம் அம்மனைக் கூப்பிட்டுப் பிள்ளையை அவள் கையில் ஒப்படைத்த பெயர்கள். ஊசியும் மருந்தும் எட்டாத காலத்தில் தாய் தகப்பனுக்கு இருந்த காப்பு அது ஒன்றுதான்.

குப்பன், குப்பம்மாள், குப்புசாமி என்ற பெயர்களைக் கேட்டுச் சிரிக்கும் பிள்ளைகளுக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். அடுத்தடுத்துப் பிள்ளைகள் தவறிப்போன வீட்டில், புதிதாகப் பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி, வேறொருத்தி எடுத்துக் கொடுப்பதுபோல் வாங்கிக்கொள்வார்கள். யாரும் வேண்டாமென்று போட்ட பிள்ளையை எமனும் தேடி வர மாட்டான் என்ற நம்பிக்கை. பிச்சை, பிச்சைமுத்து, பிச்சையம்மாள் ஆகிய பெயர்களும் இப்படி வந்தவையே. பிள்ளையை அக்கம்பக்கத்தில் பிச்சையாகக் கேட்டு வாங்கியதாகப் பாவிப்பார்கள். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் தோட்டக் குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலம் அது. ஒரு குப்பம்மாளின் பெயருக்குப் பின்னால், பெயர் வைப்பதற்கு முன்பே புதைத்த அண்ணன் அக்காக்கள் இருந்திருப்பார்கள். அந்தப் பெயரைக் கேவலம் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. போதும்பொண்ணு, வேண்டாம் என்று பெண்பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள் வேறு. அவற்றைத் தூக்கிப் போட்டது மிக நல்லது.

தோட்டத்தில் தமிழர் மட்டும் இருக்கவில்லை. தெலுங்குக் குடும்பங்களில் அப்பளசாமியும் சிம்மாசலமும் இருந்தார்கள். கத்தோலிக்கர் வீட்டில் சவரிமுத்து, ஆரோக்கியசாமி. பேதுருவுக்கு ராயப்பன், பவுலுக்குச் சின்னப்பன்.

ஒரே தோட்டத்தில் பல முனியாண்டிகள் இருந்தால் சம்பளம் ஆள் மாறிப் போய்விடும். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பெயர் எழுதும் கிராணிக்கு (தோட்ட எழுத்தருக்கு) அப்பா பெயரும் தேவைப்பட்டது. கிராணிமார் பலர் மலையாளிகளாகவோ யாழ்ப்பாணத்தாராகவோ இருந்தார்கள். காதில் விழுந்ததை இங்கிலீஷ் எழுத்தில் தங்களுக்குத் தெரிந்தபடி எழுதினார்கள். லட்சுமி என்பதற்கு நடுவில் ‘டி, சி, எச்’ போட்டு எழுதும் வழக்கம் மலேசியாவில் இன்றும் பரவலாக இருக்கிறது. அதைப் பிழை என்று திருத்தச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த எழுத்துக்கூட்டல் பிடிக்கும். லெட்சுமி என்று நம் பாட்டிமார் வாயில் எப்படி ஒலித்ததோ, அப்படியே எழுத்தில் நிற்கிறது.

எழுதியது அப்படியே உறைந்து போனதற்கு இந்தப் பட்டணத்தின் வரலாறும் ஒரு காரணம். 1948 ஜூன் 16ஆம் தேதி, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் பிறந்தது. அந்த ஆண்டே 12 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லாருக்கும் அடையாள அட்டை கொடுக்கும் பதிவு தொடங்கியது. அதுவரை வாயில் வாழ்ந்த பெயர்கள் அட்டையில் ஏறின. அன்றைக்கு எழுதியவர் ஓர் எழுத்தை விட்டிருந்தால் விட்டதுதான். லயத்தில் ஒருவரை எல்லாரும் பாப்பாத்தி என்று கூப்பிட, அட்டையில் விஜயலெட்சுமி என்றிருக்கும். இறந்த பிறகு ஒப்பாரியில் ஒரு பெயர், மரணப் பத்திரத்தில் இன்னொரு பெயர்.

இந்த எழுத்து வித்தியாசம் சாதாரண விஷயமில்லை. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் ஒரு மாதிரியும், அப்பாவின் ஐசியில் (அடையாள அட்டையில்) வேறு மாதிரியும் இருந்தால், ஈபிஎஃப் என்ற சேமநிதிப் பணம் எடுக்கும்போதும் வீட்டுப் பெயர் மாற்றும்போதும் இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் செய்யச் சொல்வார்கள். பத்திரமே இல்லாதவர்கள் பாடு இன்னும் மோசம். ஆவணமில்லாத இந்தியர்களைப் பதிவுக்குக் கொண்டுவர 2011இல் மைடஃப்தார் என்ற இயக்கமே நடத்த வேண்டியிருந்தது.

பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே நிற்கும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ பற்றி வெளிநாட்டுத் தமிழர்கள் அடிக்கடி கேட்பார்கள். மலாயில் அனாக் லெலாக்கி என்றால் மகன், அனாக் பெரும்புவான் என்றால் மகள். முன்பு இங்கிலீஷில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ என்று இருந்ததே மலாயில் இப்படி ஆனது. அரசாங்கம் நம் மேல் போட்ட ஏதோ ஒரு அடையாளம்போல் இதைப் பார்க்கத் தேவையில்லை. கரூருக்கு அருகே புகழூர்க் குகைக் கல்வெட்டில், ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன், சேர அரசர்கள் தங்களை எப்படிச் சொல்லிக்கொண்டார்கள்? ‘கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ’. குடும்பப் பெயர் இல்லை, சாதிப் பெயர் இல்லை. அப்பா பெயர், மகன் என்ற சொல், பிள்ளை பெயர். மலேசிய அடையாள அட்டையில் வரிசை மட்டும் திரும்பியிருக்கிறது. தமிழ்நாட்டில் ஒற்றை இனிஷியலாகச் சுருங்கிய அப்பா பெயர், இங்கே முழுசாக நிற்கிறது. அதனால்தான் முனியாண்டியும் மாரிமுத்துவும் இன்னும் மறையவில்லை. கவினேஷின் அப்பா பெயருக்கு அப்பா பெயராக, பழைய பத்திரங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தத் தீபகற்பத்தில் தமிழ்ப் பெயர் தோட்டத்தோடு தொடங்கியதும் இல்லை. தாய்லாந்தின் தெற்கே, கிராபி மாநிலத்துக் குவான் லூக் பட் என்ற இடத்தில், பொன்னை உரசிப் பார்க்கும் சிறு கல் ஒன்று கிடைத்தது. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று வெட்டியிருக்கிறது. பெரும்பதன் (பெரும்பத்தன்) என்ற பொற்கொல்லன் தன் உரைகல்லில் தன் பெயரைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறான். அந்தப் பெயரை நாம் இன்றும் வாசிக்க முடிகிறது.

1938இல் இந்திய அரசாங்கம் கூலித் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. அதன் பிறகு ஊரிலிருந்து ஆள் வருவது குறைந்து, பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்தார்கள். ஊர்ச் சாமியோடு இருந்த பிடி மெல்லத் தளர்ந்த அந்த நேரத்தில் தமிழ் உணர்ச்சி வந்து சேர்ந்தது. 1916இல் வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று தமிழாக்கிக்கொண்ட மறைமலையடிகள் தனித்தமிழுக்கு வழி திறந்தார். பெரியார் 1929இலும் 1954இலும் மலாயா வந்து போனார். கோ.சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு லயங்களுக்குள்ளும் வந்தது. இராமையா அன்பழகனாகவும், நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் மாறிய கதைகள் இங்கேயும் பேசப்பட்டன. விளைவு, 1950களிலிருந்து பிறந்த ஒரு தலைமுறை முழுக்கத் தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி, மணிமேகலை, மலர்விழி, இளங்கோவன், அன்பழகன், தமிழ்ச்செல்வன். ரப்பர் மரம் சீவும் அப்பன் பெயர் கருப்பையா, மகள் பெயர் மணிமேகலை. கையெழுத்துப் போடத் தெரியாத தகப்பன் தன் பிள்ளைக்குக் காப்பியத்திலிருந்து பெயர் எடுத்தான். தோட்டத்துப் பெயர் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் கட்டம் இதுதான்.

சைவப் பற்றும் அதற்கு முன்பே வேலை செய்தது. 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்து, பிறகு இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும், 1960இல் தோன்றிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் நிறுவனராகவும் இருந்த துன் வீ.தி.சம்பந்தனின் முழுப்பெயர் திருஞானசம்பந்தன். தந்தையார் பெயர் வீராசாமி. ஒரே தலைமுறையில் காவல் சாமியிலிருந்து தேவார மூவருக்கு.

இப்போது கவினேஷ், தர்ஷினி காலத்துக்கு வருவோம். சினிமாவும் தொலைக்காட்சியும் ஒரு பங்கு செய்தன. அதைவிடப் பெரிய பங்கு இரண்டு அட்டவணைகளுக்கு.

முதலாவது, நட்சத்திர எழுத்து. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், ஆக 108 எழுத்து. பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் சில எழுத்து மாறும். மகத்தில் பிறந்த பிள்ளைக்கு ம, மி, மு, மே. முகிலன், மேகலை, மீனா என்று எளிதாகப் பெயர் கிடைக்கும். பரணியில் பிறந்தால் லி, லு, லே, லோ. பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ, ட. ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. இங்கேதான் சிக்கல். எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும் என்று தொல்காப்பியம் வரையறுத்திருக்கிறது. ட, ர, ல மூன்றுக்கும் அதில் இடமில்லை. அதனால்தான் இராமன், இலட்சுமி என்று முன்னால் ‘இ’ சேர்த்து எழுதினோம். ஹ தமிழ் நெடுங்கணக்கிலேயே கிடையாது. வடமொழிச் சொற்களுக்கு ஏற்ற அட்டவணையை வைத்துக்கொண்டு தமிழ்ப் பெயர் தேடினால் எங்கிருந்து வரும்? ஆயில்யத்துப் பிள்ளை டினேஷ் ஆகிறான், பூசத்துப் பிள்ளை ஹேமேஷ் ஆகிறான், பரணிப் பிள்ளை லிஷாலினி ஆகிறாள். பெயரைக் கட்டுவதும் இங்கே ஒரு கலையாகவே வளர்ந்துவிட்டது. முன்னால் ராசி எழுத்து, பின்னால் ‘னேஷ்’, ‘ஷினி’, ‘ஷ்வரன்’. காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து ‘அம்மா, என் பெயருக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டால், பல வீடுகளில் பதில் இல்லை.

எழுத்து சரியாக அமையாவிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று பயப்படும் இளம் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். நம் தாத்தா பாட்டிமாரை அந்த அட்டவணை பார்த்துப் பெயர் வைத்து வளர்க்கவில்லை. குலசாமி பெயரும் பெரியவர் பெயரும்தான் வழக்கம். பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரிலிருந்து வந்தவை, பாட்டன் பெயரைத் தாங்குகிறவர்கள் என்பதால்.

இரண்டாவது அட்டவணை எண்கணிதம். இது முழுக்க முழுக்க இங்கிலீஷ் எழுத்தை வைத்துத்தான். ஏ, ஐ, ஜே, கியூ, வை ஐந்துக்கும் 1. பி, கே, ஆர் மூன்றுக்கும் 2. இப்படி 8 வரை போகும், 9 எந்த எழுத்துக்கும் இல்லை. கவிதா என்ற பெயரைக் கூட்டிப் பாருங்கள். கே 2, ஏ 1, வி 6, ஐ 1, டி 4, எச் 5, ஏ 1. மொத்தம் 20, அதாவது 2. பிள்ளை 3ஆம் தேதி பிறந்திருந்தால், கடைசியில் இன்னொரு ‘ஏ’ சேர்த்து 21 ஆக்கச் சொல்வார்கள். 2 போய் 3 வந்துவிடும். இப்படித்தான் பத்திரங்களில் இரட்டை ‘ஏ’, இரட்டை ‘ஐ’, தேவையில்லாத ‘எச்’ எல்லாம் பெருகின. தமிழில் கவிதா மூன்றே எழுத்து. அந்த மூன்று எழுத்துக்கும் கணக்கில் ஒரு மதிப்பும் இல்லை.

மூன்றாவதாக ஜேபிஎன் (தேசியப் பதிவிலாகா) கவுண்டர். தகாத பெயர் என்று தோன்றினால் பதிவதிகாரி மறுக்கச் சட்டம் இடம் தருகிறது. 2006இல் தேசியப் பதிவிலாகா பொருத்தமற்ற பெயர்கள் சிலவற்றை அறிவித்தது. விலங்கு, பூச்சி, பழம், காய்கறி, நிறம், எண் ஆகியவை வேண்டாம் என்றது. பிள்ளையை யாரும் கேலி செய்யக்கூடாது என்ற நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் தவிர்க்கச் சொன்ன பெயர்களில் கருப்புசாமியும் இருந்தது. எல்லையில் அரிவாளோடு நின்று ஊரைக் காப்பவர் கருப்பர். அவரை வெறும் நிறமாகப் பார்ப்பது அவரைத் தெரியாதவர்கள் பார்வை. அதைவிட வேதனை, அப்போது அதை மறுத்துப் பேச நம்மில் பலருக்கே மனம் வரவில்லை என்பது. நாமே அந்தப் பெயரைக் கைவிட்டு வெகுகாலமாகியிருந்தது.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. பிறப்புப் பத்திரத்தில் பெயர் ரோமன் எழுத்தில்தான் இருக்கிறது. தமிழில் அந்தப் பெயரை எப்படி எழுதுவது என்று எங்கேயும் பதிவாவதில்லை. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேரும்போதுதான் ஓர் ஆசிரியர் அதை முதன்முதலாகத் தமிழில் எழுதுகிறார். மேசையில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

“பிள்ளை பேரைத் தமிழ்ல எப்படிம்மா எழுதறது?”

“தெரியலங்க டீச்சர். அவங்கப்பா நெட்டுல பார்த்து வெச்சாரு. நீங்களே பார்த்து எழுதிக்குங்க.”

ஆசிரியர் என்ன செய்வார்? ‘வை, ஏ, எல், ஐ, என், ஐ’ என்றிருந்தால் அது யாழினியா, யாளினியா, யாலினியா? ல, ள, ழ மூன்றுக்கும் ரோமன் எழுத்தில் ஒரே ‘எல்’. ன, ண இரண்டுக்கும் ஒரே ‘என்’. குறில் நெடில் தெரியாது. வள்ளி என்று முருகனின் தேவியை நினைத்து வைத்த பெயர், கொடியைக் குறிக்கும் வல்லியாக எழுதப்படும். கலை என்று வைத்தது, பிடுங்கிப் போட வேண்டிய களையாகலாம். பெயரின் பொருள் அந்த ஓர் எழுத்தில்தான் தங்கியிருக்கிறது. தமிழ்ப்பள்ளிக்கே போகாத பிள்ளையின் பெயரை ஆயுள் முழுக்க யாரும் தமிழில் எழுதாமலே போகவும் கூடும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது அச்சகத்துக்காரர் ஊகித்துப் போடுவதுதான் கடைசி.

மலாய்க்காரர்களிடமும் தேவி, புத்ரி, சூரியா, ரத்னா என்ற பெயர்கள் உண்டு. மாணிக்கம் என்ற சொல்லும் ‘மணிக்கம்’ என்று மலாயில் இருக்கிறது. ஆக, நம் பெயர்களை நாவில் சொல்ல இந்த நாடு சிரமப்படும் என்று பயந்து ஒலியைச் சுருக்க வேண்டிய அவசியமில்லை.

பழைய பெயரை அப்படியே வைக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. இந்த வட்டாரத்தில் சில குடும்பங்கள் நல்ல வழி ஒன்றைக் கையாளுகிறார்கள். தாத்தா முனியாண்டியின் முதலெழுத்தைக் காப்பாற்றி முகிலன், மாரியம்மாளை நினைத்து மாரியையே மழையாக எடுத்துக்கொண்டு மழைவிழி, காளிமுத்துவின் பேரனுக்கு முத்தழகன். வீராசாமியின் பேத்தி வீரநாச்சியார் ஆகலாம். சாமியும் தாத்தாவும் பெயருக்குள்ளேயே இருப்பார்கள், பள்ளியில் கேலியும் வராது.

தீபகற்ப மலேசியாவில் பிறப்பைப் பதிய 60 நாள் அவகாசம் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் முப்பதாம் நாள் தீட்டுக் கழித்துத் தொட்டிலிட்டு, காதில் பெயர் சொல்லிவிடுகிறோம். ஆகவே அவசரமே இல்லை. தொட்டிலிடுவதற்கு முன் பெயரைத் தமிழில் ஒரு தாளில் எழுதுங்கள், அர்த்தத்தையும் கீழே எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். அதன் பிறகு அதை ரோமனில் எப்படி எழுதினால் ஒரு மலாய் ஆசிரியரும் ஒரு சீன டாக்டரும் ஓரளவு சரியாக வாசிப்பார்கள் என்று நாலு பேரிடம் வாசிக்கக் கொடுத்துப் பாருங்கள். கவுண்டருக்குப் போகும்போது அப்பா அம்மா இருவரின் ஐசியும் கையில் இருக்கட்டும். பதிந்த விவரத்தைக் காட்டும்போது பிள்ளை பெயரை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல், அப்பா பெயர் ஐசியில் உள்ளபடி ஓர் எழுத்து பிசகாமல் இருக்கிறதா என்று விரல் வைத்து வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.